குளத்தங்கரையில் ஓர் ஆள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் நோயாளர் உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. பேசிய வண்ணமே, சிற்சில இடங்களில் சுருக்கித் தருகிறோம்.)



அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும், சிலர் இரண்டு பஸ் மாறியும் வந்திருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த காணிக்கை எங்கே போயிற்று என்று வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் முன் நின்று சொல்வது எங்கள் கடமை. ரூபாய்க் கணக்கைப் பொருளாளர் ஐயா வாசித்துவிட்டார். நாங்கள் சொல்ல எழுந்து நிற்பது வேறொரு கணக்கு. அதில் வரவும் உண்டு, நஷ்டமும் உண்டு.

பெதஸ்தா குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்த மனிதனை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். குளம் அங்கேதான் இருந்தது. தண்ணீரும் இருந்தது. மண்டபமும் இருந்தது. அவனுக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: சமயம் பார்த்துத் தன்னைக் கொண்டுபோய் இறக்கிவிட ஓர் ஆள். நம்முடைய அரசு ஆஸ்பத்திரிகளின் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் அந்த மனிதனை இன்றைக்கும் காணலாம். டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, சட்டமும் திட்டமும் இருக்கின்றன. எந்தக் கவுண்டருக்குப் போவது, எந்தக் காகிதத்தை நீட்டுவது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாத ஒருவர், கையில் மஞ்சள் பையோடு தூணோரம் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தத் தூணோரம் போய் உட்காருவதுதான் எங்கள் வேலை. இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

முதலில் நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்த ஒரு சகோதரர் நெஞ்சுவலி என்று படுத்தார். அதற்கு முன்பே அவருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. அந்த வீட்டுக்கு நாங்கள் இரண்டு முறை போயிருந்தோம். உட்கார்ந்து பேசினோம், ஜெபித்தோம், காப்பி குடித்தோம், வந்துவிட்டோம். வலி வந்த இரவில் அக்கம்பக்கத்தார் அவரை அருகிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாலிச்சரடு தவிர மற்ற நகை எல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. ஊரிலிருந்த அரை கிரவுண்டும் போயிற்று. பதினோராம் நாள் அவர் வீடு திரும்பினார். ஆனால் வீடு பழைய வீடாக இல்லை. மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, ரேஷன் கார்டு தேடுவதற்காக இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் இ.எஸ்.ஐ. அட்டை கிடந்தது. ஏழு வருஷமாக மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். அவருக்கும், மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், அவரை அண்டியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் பார்க்கும் உரிமை அந்த அட்டையில் இருந்தது. அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. கே.கே. நகரில் இன்னும் பெரியது இருக்கிறது. அங்கே முடியாத சிகிச்சைக்கு வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பும் வழியும் உண்டு. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம், வருஷத்தில் 91 நாள் வரை கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஒன்றுமே அவர்களுக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு பிடித்தம் என்று நினைத்திருந்தார்கள்.

அந்தச் சகோதரி எங்களிடம் கோபிக்கவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு தடவ வந்தீங்க. நல்லா ஜெபம் பண்ணீங்க. 'எங்க வேல செய்யறாரு, சம்பளத்துல என்ன பிடிக்கிறாங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா" என்றார்கள். அவ்வளவுதான். எங்களுக்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நாங்கள் மூன்று கேள்வி கேட்காமல் எழுந்திருப்பதில்லை. வீட்டில் யாருக்காவது சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பெயர் பதிந்திருக்கிறதா? பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இந்த மூன்று கேள்விக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் போதும்.

பாஷை தெரிந்தும் புரியாத பாஷை

இரண்டாவதாக, சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடிப் பக்கத்துப் பாட்டியம்மா ஒருவர், நம்மைப் போல் சபைக்குப் போகிறவர், சர்க்கரைப் பரிசோதனைக்காக வந்தார். "நாளைக்குக் காலையில ஃபாஸ்டிங்ல வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாட்டியம்மாவுக்கு ஃபாஸ்டிங் என்றால் நன்றாகவே தெரியும். நமக்குத்தான் ஃபாஸ்டிங் பிரேயர் உண்டே! அன்று மத்தியானமே உபவாசத்தைத் தொடங்கிவிட்டார். சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வரிசையிலேயே சாய்ந்துவிட்டார். நல்ல வேளையாக ஒரு சிஸ்டர் கவனித்து, உடனே குளுக்கோஸ் கொடுத்துக் காப்பாற்றினார். "ராத்திரி வழக்கம்போலச் சாப்பிடுங்க, காலையில மட்டும் வெறும் வயித்தோட வாங்க" என்று சொல்லியிருந்தால் இந்த ஆபத்து இல்லை. சொன்னவர் கெட்டவர் அல்ல. நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது ஒரே சொல்லாகிவிட்டது.

இன்னொருவர், மனைவியின் பரிசோதனை "நெகட்டிவ்" என்று கேட்டதும் சுவரில் சாய்ந்து அழுதார். நெகட்டிவ் என்றால் கெட்ட செய்தி என்று நினைத்தார். நோய் இல்லை என்பதுதான் அதன் பொருள் என்று விளக்கியபோது மறுபடியும் அழுதார்.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. நம் மிஷன் சரித்திரத்தில் இதற்காகவே உழைத்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1822-ல் பிறந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போகிறார்கள், கிராமத்தானுக்கு அவர்கள் பேச்சும் புரியவில்லை என்று கண்டபோது, தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை, பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு நோய்க்கும் தமிழ்ச் சொல் தேடி அகராதி தொகுத்தார். 1873-ல் தாயகம் திரும்பிய பின்பும் அந்த வேலையை விடவில்லை. 1884-ல் மரித்தார். மானிப்பாயில் இன்றும் ஓர் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடலைக் கடந்து வந்த ஒருவர் தமிழில் நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று அத்தனை பாடுபட்டாரென்றால், தமிழிலேயே பிறந்த நாம் "வெறும் வயிறு" என்று சொல்லச் சோம்பலாமா?

இப்போது எங்கள் பகுதிக்கு இன்னொரு பாரமும் சேர்ந்திருக்கிறது. அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஸ்ரீபெரும்புதூர்ப் பட்டறைகளுக்கு ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு "வெறும் வயிறு" என்பதும் புரியாது. எங்களில் இரண்டு பேர், ஆவடி மிலிட்டரிக் குடியிருப்புகளில் வளர்ந்ததால் இந்தி அறிந்தவர்கள். வாரத்தில் இரண்டு காலை அவர்கள் அதற்கென்றே வருகிறார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படுகிறவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இதை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தால் சந்தோஷப்படுவோம்.

1. அவசரத்துக்கு 108. தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய இந்த ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவ ஆலோசனைக்கும், அரசு மருத்துவ சேவையைப் பற்றி விசாரிக்கவும் 104.

2. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ், பணம், காகிதம் எல்லாம். உச்ச நீதிமன்றம் 1989-லேயே இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பயப்பட வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. பெயர் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

3. அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு உயிராபத்து. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கொண்டுபோனால் சிபாரிசு என்று சண்டை போடாதீர்கள். அவர் நிலைமை உங்களைவிட மோசம் என்று பொருள். பச்சையில் இருப்பது உண்மையில் நல்ல செய்தி.

4. வெளிநோயாளர் பிரிவு காலையில்தான். ஓ.பி. சீட்டு, பழைய சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் காலி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

5. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். இதற்காகவே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உண்டாயிற்று. அது மருந்துகளை மொத்தமாக வாங்கி, சோதித்து அனுப்புகிறது. அட்டையில் பகட்டு இல்லை என்பதால் மருந்து மட்டம் என்று எண்ண வேண்டாம்.

6. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் வேறு பெயரில் தொடங்கி, 2012-ல் இந்தப் பெயர் பெற்று, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். பதிவு கலெக்டர் அலுவலகத்தில். அம்பத்தூர் 2018-லிருந்து சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம் என்பதை மறந்து அலைகிறவர்கள் அநேகர். நோய் வருமுன் பதிந்துவையுங்கள். இலவசத் தொலைபேசி எண் 1800 425 3993.

7. காசநோய் என்று தெரிந்தால் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது 2024 நவம்பரில் உயர்ந்தது. வங்கிக் கணக்கு இல்லாததால் இதை இழந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

8. சிகிச்சைக் குறிப்பேடுகளின் நகலைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்லுகின்றன. அரசு ஆஸ்பத்திரியில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழும் மனு கொடுக்கலாம்.

எங்கே போவது என்பதும் ஒரு கேள்விதான். எல்லாவற்றுக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரேயுள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரிகளும் போதும். திருவள்ளூர் ஆஸ்பத்திரி 2022-லிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாகிவிட்டது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் பெயர் பெற்றது. கண்ணுக்கு எழும்பூரில் 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் அதே எழும்பூரில் தனித்தனி ஆஸ்பத்திரிகள். மனநோய்க்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை.

உங்களில் சிலர் கேட்பது

"நமக்கென்று மிஷன் ஆஸ்பத்திரி இருக்க, அரசு ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்கு என்ன வேலை?" என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழைகள் இருக்கிற இடத்துக்கு நாம் போவதா, நாம் இருக்கிற இடத்துக்கு அவர்கள் வருவதா என்று யோசித்தோம். கூலிக்காரரில் அநேகர் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். அங்கே இருப்பதை அவர்கள் முழுமையாகப் பெற உதவினால், நம்முடைய சொற்பக் காணிக்கையைக் கொண்டு கட்டில் போடுவதைக் காட்டிலும் அதிகம் பேருக்குப் பயன்படும்.

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?" என்றும் கேட்கிறார்கள். வழிகாட்டும் ஆட்களைப் போதுமான அளவு அரசாங்கமே நியமிக்கும் நாள் வந்தால், நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லி வீட்டுக்குப் போவோம். அதுவரை தூணோரம் இருக்கிறவர் காத்திருக்க முடியாது. அங்கே வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லவும் நாங்கள் வரவில்லை. பகலெல்லாம் வரிசை குறையாமல் பார்க்கிற டாக்டரும் சிஸ்டரும் படும் பாட்டை நாங்கள் கிட்டே நின்று பார்க்கிறோம்.

எங்களுக்கென்று மூன்று கட்டுப்பாடு உண்டு. மருந்தைப் பற்றி நாங்கள் யோசனை சொல்லுவதில்லை, ஏனெனில் நாங்கள் டாக்டர்கள் அல்ல. காரியம் நடக்கட்டும் என்று யார் கையிலும் காசு வைப்பதில்லை, நோயாளியையும் வைக்க விடுவதில்லை. தாமதமானால் தாமதம்தான். மூன்றாவது, வார்டில் துண்டுப்பிரதி கொடுப்பதில்லை, கேளாதவருக்குப் பிரசங்கம் பண்ணுவதும் இல்லை. இந்த மூன்றாவதில் மனம் நொந்து, எங்களைத் தாங்கி வந்த ஒரு குடும்பம் தன் காணிக்கையை நிறுத்திக்கொண்டது. அவர்கள் மனசு எங்களுக்குத் தெரியும், வருத்தமும் உண்டு. ஆனாலும் கட்டிலில் கிடக்கிறவரால் எழுந்து போக முடியாது, உதவி செய்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு நா எழாது. அந்த நிலைமையை நாம் பயன்படுத்திக்கொள்ளலாகாது. இந்துவோ இஸ்லாமியரோ நம்மவரோ, அன்று வரிசையில் முன்னால் நிற்கிறவருக்கு முதலில் உதவி.

காணிக்கை குறைந்த கதை

கடைசியாக ஒன்று. உங்களில் சிலர் அம்பத்தூரிலும் சுற்றுப்புறத்திலும் சிறு பட்டறை, அச்சகம், பேக்கரி நடத்துகிறீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதித்திருக்கிறார், நீங்களும் தாராளமாய்க் கொடுக்கிறீர்கள். போன கூடுகையில் லேத் பட்டறைச் சகோதரரின் கதையைச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுவாரம் எங்களைத் தேடி வந்தார்.

"என்கிட்ட பதினாலு பேர் வேல செய்யறாங்க ஐயா. அவர் பட்டறையிலயாவது கட்டியிருக்காங்க. நான் யாருக்கும் இ.எஸ்.ஐ. கட்டல. உங்களுக்கு வருஷா வருஷம் கொடுத்துக்கிட்டிருக்கேன். என் பையன்களுக்குச் சேர வேண்டியத கட்டாம உங்களுக்குக் கொடுத்தா அது காணிக்கையாகுமா?" என்றார்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் அதில் சேர்வார். 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளக்காரனுக்கு முதலாளி கட்டுவது 487 ரூபாய் 50 காசு. பையன் சம்பளத்தில் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. இதை ஒரு காகிதத்தில் அவருக்குப் போட்டுக் காட்டினோம். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் பதினாலு பேருக்கும் அட்டை வந்துவிட்டது. அவர் அனுப்பிய காணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது. பொருளாளர் ஐயாவின் வரவுப் பக்கத்தில் நீங்கள் கண்ட குறைவில் ஒரு பங்கு அதுதான். அந்தக் குறைவுக்காக நாங்கள் மனப்பூர்வமாய் ஸ்தோத்திரிக்கிறோம்.

ஆகையால் பிரியமானவர்களே, பணத்துக்கு முன்னால் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும், உங்களிடம் வேலை செய்கிறவர்களை, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவை, தெருமுனை வாட்ச்மேனை அந்த மூன்று கேள்வியும் கேளுங்கள். இரண்டாவது, மாதத்தில் ஒரு காலைப்பொழுதை எங்களுக்குக் கொடுங்கள். படிப்பு வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். சீட்டை வாங்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் வாங்கம்மா, நானும் கூட வரேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அந்த லேத் பட்டறைக் குடும்பத்துக்காகவும் ஜெபியுங்கள். பெண் மறுபடியும் படிக்க ஆசைப்படுகிறாள். கடன் இன்னும் முடிந்தபாடில்லை.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.